கடற்காவல் பூண்ட தெய்வம்

தமிழ்க் காப்பியங்களிலே தெய்வங்கள் பல வருகின்றன. அவற்றுட் சில கோயில் பெற்றன. பல ஏட்டளவிலே நின்றுவிட்டன. இதில் ஒரு விந்தை உண்டு. சிலப்பதிகாரத்திலே கண்ணகி மானிடப் பெண், வணிகன் மகள். அவளுக்கு இன்று ஈழத்தின் கீழைக்கரை நெடுகக் கோயில்கள் இருக்கின்றன. வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் குளிர்த்தி நடைபெறுகிறது, வழக்குரை படிக்கப்படுகிறது. முல்லைத்தீவு வற்றாப்பளையிலே கடலிலிருந்து எடுத்துவந்த உப்புநீரில் அவளுக்கு விளக்கெரிப்பது மரபு. சிங்கள மக்களும் அவளையே பத்தினி என்று போற்றுகின்றனர். அம்மை நோயும் வெப்பும், மழையும் விளைவும் அவள் ஆட்சிக்கு உட்பட்டவை என்பது இரு சாராரின் நம்பிக்கை.

ஆனால் அந்தக் கதையோடு பிணைந்தே வரும் மற்றொருத்தி தொடக்கத்திலிருந்தே தெய்வம். கடலுக்குக் காவல் பூண்டவள். கோவலன் தன் மகளுக்குச் சூட்டிய பெயர் அவளுடையதே. மணிமேகலை என்றால் மாணவர் மனத்தில் எழுவது அமுதசுரபி ஏந்திய இளந்துறவியின் உருவம். அந்த இளந்துறவிக்குப் பெயர் தந்த மணிமேகலா தெய்வத்தை நினைப்பவர் சிலரே. எங்கள் திருகோணமலைக் கரையிலே அவளுக்கு ஒரு கல்லும் இல்லை, ஒரு விளக்கும் இல்லை.

நான் வாழ்வது அன்புவழிபுரத்தில். திருகோணமலைப் பட்டினத்தின் அயலிலுள்ள குடியிருப்பு இது. பட்டினத்திற்குச் சென்றால் ஒருபுறம் கோணேசர் மலை, மறுபுறம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. நகரின் நடுவே பத்திரகாளி அம்பாள் கோயில். தெற்கே மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. புயலில் பாய்மரம் முறிந்த கப்பலொன்று அதைச் செப்பனிட ஒதுங்கியதும், அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி அரசில் கழித்ததும் அக் குடாவிலேதான் தொடங்கின. கடல் தருவதையும் கடல் கொள்வதையும் கண்கூடாகக் கண்டுவரும் ஊர் இது. ஆகவே, கடலைக் காக்கும் தெய்வத்தைப்பற்றி எண்ணிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து.

பெயரும் பொறுப்பும்

மணிமேகலை என்பதற்கு மணிகள் கோத்த இடையணி என்று பொருள். நிலத்தை ஒரு நங்கையாகவும், அவளைச் சூழ்ந்த கடலை அவள் உடுத்த ஆடையாகவும் மேகலையாகவும் உருவகித்தல் நம் புலவர்க்குப் பழகிய வழக்கு. கடற்றெய்வத்திற்கு இப்பெயர் எத்துணை இயல்பாக அமைந்துள்ளது!

எனினும் அவள் கடலுக்கு அரசி அல்லள் என்பதை முதலிலே மனங்கொள்ள வேண்டும். நெய்தல் நிலத்துக்கு உரிய தெய்வமாகத் தொல்காப்பியம் சொல்வது வருணனை. மணிமேகலா தெய்வத்தின் நிலை வேறு. அவள் இந்திரன் ஏவலுக்கு உட்பட்டுக் கடலில் வாழ்பவள். பாளி மொழியிலுள்ள சாதகக் கதைகளும் உலகபாலர் நால்வர் அவளைக் கடற்காவலில் அமர்த்தினர் என்றே கூறுகின்றன. அலையை எழுப்புவதும் அடக்குவதும் அவள் தொழில் அல்ல. அறம் வழுவாதார் கடலில் மாண்டுபோகாமற் பார்த்துக்கொள்வதே அவளுக்கு இட்ட பணி. ஆட்சி என்பதைவிடக் காவல் என்பதே அவளுக்குப் பொருந்தும் சொல்.

அவளுடைய புலம் கடலோடு முடிவதும் இல்லை. சாத்தனார் அவளை இந்திர விழாக் காண வந்தவளாகப் புகார் நகரிற் கொண்டுவந்து நிறுத்துகிறார். உவவனத்திலே உதயகுமரனால் துன்புற்ற இளநங்கையைத் துயிலும்போதே எடுத்துக்கொண்டு, வான்வழியே தெற்கு நோக்கி முப்பது யோசனை தூரம் கடந்து மணிபல்லவத் தீவிலே வைக்கிறாள் அத்தெய்வம். அங்கே புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பு உணர்ந்த பெண்ணுக்கு மூன்று மந்திரங்களை உபதேசிக்கிறாள்: வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியை வெல்லவும். அலையிலிருந்து ஒருவனைக் கரையேற்றுவதும், மயக்கத்திலிருந்து ஒருத்தியை விழிக்கச் செய்வதும் அவளுக்கு ஒரே தொழிலின் இரு கூறுகள் போலும்.

காப்பியத்தின் கடல் விபத்துகள்

1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார். அதன் பின்னர் அந்நூலின் சமயக் கருத்துகளைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். அதைக் கடல் நூலாகப் படிப்பவருக்கு வேறொரு செல்வம் காத்திருக்கிறது. கலம் உடைதலும், கலத்திற்குரியோர் கரையில் அழுதலும், தீவிலே தனித்து விடப்படுதலும் அந்நூலிலே திரும்பத் திரும்ப வருகின்றன. நான்கு நிகழ்ச்சிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கோவலனுடைய முன்னோன் ஒருவன் கதை. கலம் கவிழ்ந்து நடுக்கடலிலே தத்தளித்த அவனை மணிமேகலா தெய்வம் எடுத்துக் காத்தது. அந்த நன்றியை மறவாமலேதான் கோவலன் மாதவி பெற்ற மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரை இட்டான். நன்றியிலே பிறந்த பெயர் அது.

இரண்டாவது சாதுவன் கதை. கலம் உடைந்தபோது முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறினான் அவன். தெய்வம் எதுவும் வரவில்லை. அவனைக் காத்தவை ஒரு மரத்துண்டும், அந்த நாகரின் மொழியை அவன் அறிந்திருந்தமையுமே. தம்மைக் கொல்ல வந்தவரோடு அவர்தம் மொழியிலே பேசினான், உயிர் பிழைத்தான்.

மூன்றாவது ஆபுத்திரன் கதை. மதுரையிலே சிந்தாதேவி தந்த அமுதசுரபியோடு கடல் கடக்கப் புறப்பட்டவன், காற்று மிகுந்து கலம் நின்ற மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கலத்தினர் இரவிலே பாய் விரித்துப் போய்விட்டனர். பிறர் பசி தீர்க்கும் பாத்திரம் கையிலிருக்க, உண்பிக்க ஓர் உயிரும் இல்லாத தீவு. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாது உயிர் துறந்தான் அவ்வள்ளல். ஆண்டுதோறும் வைகாசி நிறைமதி நாளில் அப்பாத்திரம் பொய்கையின்மேல் தோன்றும் என்பர். வைகாசியிலே கண்ணகிக்குக் குளிர்த்தியும் வெசாக் பௌர்ணமியும் கொண்டாடும் நம் நாட்டு மாணவர் இந்த நாளை மறக்கமாட்டார்.

நான்காவதுதான் காப்பியத்தின் பெருந்துயரம். சோழன் நெடுமுடிக்கிள்ளி, நாக நாட்டரசன் மகள் பீலிவளை பெற்ற தன் மைந்தன், கம்பளச் செட்டியின் கலத்தில் வரும் வழியில் கடலில் இழக்கப்பட்டான் என்று கேட்டு மனம் கலங்கினான். கரையெல்லாம் தேடி அலைந்தான். அந்த அலைச்சலிலே இருபத்தெட்டு நாள் எடுக்க வேண்டிய இந்திர விழா நின்றுபோயிற்று. மணிமேகலா தெய்வம் சினந்தது. புகார் நகரைக் கடல் கொண்டது.

நான்கையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் சாத்தனாரின் நேர்மை புலப்படும். தெய்வம் ஒருவனைக் காத்தது. ஒருவன் தன் அறிவால் பிழைத்தான். வள்ளல் ஒருவன் கைவிடப்பட்டான். குழந்தையை இழந்த தந்தையின் நகரமே மூழ்கியது. கடலைப்பற்றி இனிய பொய் எதையும் அவர் சொல்லவில்லை.

ஏழு நாள் மறதி

பாளிச் சாதகக் கதைகளுள் 539ஆவதாகிய மகாசனக சாதகம் இத்தெய்வத்தின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. சுவர்ணபூமி நோக்கிச் சென்ற கலம் நடுக்கடலில் உடைகிறது. உடன்சென்றோர் தத்தம் தெய்வங்களைக் கூவி அழுகின்றனர். மகாசனகன் அழவில்லை. நெய்யும் சர்க்கரையும் வயிறார உண்கிறான். ஆடையில் எண்ணெய் தோய்த்து இறுக உடுக்கிறான். பாய்மரத்தில் ஏறித் தூரக் குதிக்கிறான். ஏழு நாள் நீந்துகிறான். நிறைமதி நாள் வந்ததும் உப்புநீரால் வாய் கொப்பளித்து நோன்பும் காக்கிறான்.

கடற்காவலுக்கு உரியவள் அந்த ஏழு நாளும் எங்கே போனாள்? கதை ஒளிக்காமல் சொல்கிறது: தேவ இன்பத்திலே திளைத்திருந்த அவள் கடலை நோக்க மறந்துவிட்டாள். ஏழாம் நாள் நினைவு வந்து பார்க்கிறாள், நீந்துபவனைக் காண்கிறாள். கரை காணாத கடலில் எதற்காக இப்படி முயல்கிறாய் என்று கேட்கிறாள். முயன்று இறப்பவனுக்குச் சுற்றத்தாரிடத்தும் தேவரிடத்தும் பழியில்லை, முயலாதவனுக்கே பழி என்னும் கருத்துப்பட அவன் விடையளிக்கிறான். நாணியவள்போல் அவனை அள்ளியெடுத்து மிதிலையிலே சேர்க்கிறாள்.

தமிழ்க் காப்பியத்திலே மறந்தவன் அரசன். பாளிக் கதையிலே மறந்தவள் தெய்வம். ஒரு மறதியால் ஒரு நகரம் போயிற்று. மற்றொரு மறதியால் ஒரு கலம் நிறைந்த மக்கள் போயினர். இரு மொழிக் கதைகளும் சுட்டுவது ஒன்றையே: கடலோரத்தில் பெருங்குற்றம் மறதி.

கீழைக் கடலில் அவள் சென்ற வழி

பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1930 அளவிலே இத்தெய்வத்தைப்பற்றி எழுதிய ஆராய்ச்சி, அவளைத் தென்னிந்தியக் கடலோடும் அங்கிருந்து கிழக்கே சென்ற வாணிக வழியோடும் தொடர்புபடுத்தியது. வங்கக் கடலைக் கடந்து அவள் சென்ற இடங்களில் அவளுடைய கோலம் மாறியது. தாய்லாந்திலே அவள் மேகலா. கையில் ஒளிவீசும் மணியொன்றை ஏந்தி வானில் ஆடுகிறாள். அதைப் பறிக்க விரும்பிய ராமசூரன் என்னும் அசுரன் கோடரியை எறிகிறான். மணியின் ஒளி மின்னல். கோடரியின் ஓசை இடி. கம்போடியாவிலே அவள் மணிமேகலா என்னும் பெயரோடே அரண்மனை நடனத்தில் இடம்பெற்றாள். மழை வேண்டி நிகழ்த்தும் சடங்குகளிலும் அந்த நடனத்துக்குச் சிறப்புண்டு. கடற்காவல் மழைக்காவலாக மாறிற்று. 1975 முதல் 1979 வரை அந்நாட்டை உலுக்கிய கொடுங்கோலிலே நடனக் கலைஞருட் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சிய சிலரின் உடல் நினைவிலிருந்தே அக்கலை மீண்டும் தளிர்த்தது. தாய்லாந்து மன்னர் பூமிபோல் மகாசனகன் கதையைத் தம் நடையில் எழுதி 1996இல் வெளியிட்டார்.

இன்னும் ஒரு வியப்பு. மேலைப் பசிபிக் கடலில் எழும் சூறாவளிகளுக்குப் பெயரிட நாடுகள் கொடுத்த பட்டியலிலே தாய்லாந்து தந்த பெயர்களுள் ஒன்று மேகலா. 2015 சனவரியிலே பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாக்கிய புயலுக்கு அப்பெயர். புயலிலிருந்து காப்பவளின் பெயர் புயலுக்கே ஆயிற்று!

சீனத்துக் கடலோடிகளுக்கும் இத்தகைய தெய்வம் ஒருத்தி உண்டு. பூக்கியன் கரையிலுள்ள மெய்சோ தீவுப் பெண்ணொருத்தியே மாசு என்னும் கடற்றேவியானாள் என்பர். தறியருகே கண்மூடி இருந்தபடியே, கடலில் தத்தளித்த தந்தையையும் உடன்பிறந்தாரையும் அவள் காத்துக்கொண்டிருந்தாளாம். அதை அறியாத தாய் அவளைத் தட்டி எழுப்ப, ஒருவர் மட்டும் கைநழுவிப் போனாராம். இலங்கைக்கு வந்த சீனக் கப்பற்றலைவர் செங் ஹோ இத்தேவிக்கு நன்றி கூறும் கல்வெட்டுகளை 1431இல் தம் நாட்டிலே நிறுவினார். அவர் இங்கே விட்டுச் சென்றதோ 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லிலே சீனமும் பாரசீகமும் தமிழும் அருகருகே இருக்கின்றன. கடலிலே ஒருகணம் காவல் தளர்ந்தால் ஓர் உயிர் போகும் என்னும் உண்மையை வேறு வேறு கரையினர் தனித்தனியே கண்டுகொண்டனர் என்பது இக்கதைகளால் விளங்கும்.

ஒரு மாணவியின் வினா

இவற்றையெல்லாம் அன்புவழிபுரத்திலே என்னிடம் பாடம் கேட்க வரும் உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு மாலையில் விரித்துக் கூறினேன். அறத்தாறு நின்றோரைக் கடலில் காப்பது இத்தெய்வத்தின் கடமை என்று சொன்னபோது, பின் வரிசையில் இருந்த மாணவியொருத்தி எழுந்தாள்.

“சேர், நல்லாக்களைத்தான் காப்பாத்துவா எண்டால், எங்கட அம்மம்மா நல்லவ இல்லையோ?” என்று கேட்டாள்.

அவள் பிறக்கு முன்பே, 2004 டிசெம்பர் 26ஆம் நாள், அவளுடைய அம்மம்மாவைக் கடல் கொண்டுவிட்டது. படத்திலே மட்டும் அவள் கண்ட முகம் அது. வகுப்பு முழுதும் என்னை நோக்கியது.

அந்த நாளை நம் கரையில் யார் மறக்க முடியும்? பௌர்ணமி விடுமுறை நாள் அது, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கீழைக்கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் எல்லாச் சமயத்தினர், எல்லா மொழியினர், எல்லா வயதினர். அவர்களுள் யார் அறம் பிழைத்தார் என்று கேட்கத் துணிபவன் மனிதனாக இருக்க முடியாது.

அம்மாணவிக்கு நான் அளித்த விடை இது: “பிள்ளை, கதையை மறுபடி படி. மூழ்கியவர் செய்த குற்றம் எதையும் அது எண்ணிக் காட்டவில்லை. அது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது இருவரை: கடலை நோக்க மறந்த தெய்வத்தை, கடமையை மறந்த அரசனை. நல்லோரைக் காக்க வேண்டும் என்பது காவலருக்கு விதித்த கட்டளை. மாண்டோருக்கு எழுதிய தீர்ப்பு அன்று. உன் அம்மம்மா நல்லவர். காவலில்தான் ஆளில்லை.”

அவள் அமர்ந்தாள். ஆனால் அந்த விடை என்னை மேலும் எண்ணத் தூண்டியது. காவலில் ஆளில்லை என்பது உவமை மட்டும் அன்று, உண்மை. அலை நம்மை அடையுமுன் இரண்டு மணி நேரம் இருந்தது. இந்துப் பெருங்கடலிலே அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. கடல் உள்வாங்கிய சில கரைகளிலே, வெறுந்தரையில் துள்ளிய மீனைக் காண இறங்கிச் சென்றோரும் இருந்தனர்.

சொல் இருந்தது, காவல் இல்லை

இங்கே தமிழாசிரியர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்று நம் நாளேடுகள் சுனாமி என்னும் சப்பானியச் சொல்லைக் கடன் வாங்கின. பின்னர் ஆழிப்பேரலை என்றன. ஆனால் கடல்கோள் என்னும் சொல் நம்மிடம் பல நூற்றாண்டுகளாகவே இருந்தது. குமரிக்கோடு கடலுள் மறைந்தது என்னும் செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. புகார் அழிந்தது மணிமேகலையில் உண்டு. சங்கங்களைக் கடல் கொண்டது என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது. இத்துணை நினைவு வேறெந்த இலக்கியத்திலும் இருப்பது அரிது. எனினும் அச்சொல் தேர்வுத்தாளுக்கு உரிய சொல்லாயிற்று. வள்ளத்தைக் கரையேற்றுபவன் வாயில் வாழும் சொல்லாக அது இல்லை.

சுமாத்திராவின் மேற்கேயுள்ள சிமியுலுவே தீவினரை எண்ணிப் பாருங்கள். 1907இல் ஒரு பேரலை அத்தீவை அழித்தது. பிழைத்தோர் அதற்கு ‘சிமோங்’ என்று பெயரிட்டனர். நிலம் வலிதாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். கல்வெட்டும் இல்லை, காப்பியமும் இல்லை. பாட்டிமார் வாய்மொழி ஒன்றே. நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் 2004இல் மாண்டவர் ஏழு பேர் என்பது பதிவு. தொண்ணூற்றேழு ஆண்டுகள் ஒரு சொல் விழித்திருந்தது!

அதுவன்றோ மணிமேகலா தெய்வத்தின் உண்மையான கோயில்? சாத்தனாரும் இதைக் குறிப்பால் உணர்த்தியிருக்கிறார். புகாரைக் கடல் கொண்டபோது அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் அங்கு இல்லை. வஞ்சி நகர் சேர்ந்துவிட்டனர். அடிகள் அவர்களுக்குத் தந்தவை அறிவும் துணையும். காப்பியத்தின் பேரழிவிலே நாம் பெயரறிந்த அம்மூவரும் பிழைத்தது அவற்றாலே.

2004க்குப் பிறகு யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழு வழியே இந்துப் பெருங்கடலுக்கும் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. 2011 முதல் இந்தியாவும் இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் அப்பணியை ஏற்றன. 2012 ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவருகே மீண்டும் நிலம் அதிர்ந்தபோது இலங்கைக் கரையோரத்தினர் உள்நாட்டுக்குப் பெயர்ந்தனர். பேரலை வரவில்லை, ஆயினும் காவலில் அன்று ஆள் இருந்தது.

கருவிகள் வந்துவிட்டன என்று கதைகளைக் கைவிடுதல் தகாது. கருவி ஒலித்தால் ஓட வேண்டும் என்று பிள்ளையின் நெஞ்சில் முன்னரே பதித்துவைப்பது கதைதான். கருவி பழுதுபட்டால் எஞ்சி நிற்பதும் கதைதான். ஆகவே, மணிமேகலையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும், நெடுமுடிக்கிள்ளியின் மறதியைச் சொல்லும் இடத்தில் சற்றே நின்று, நிலம் அதிர்ந்தால் என் செய்வாய், கடல் உள்வாங்கினால் எங்கே செல்வாய் என்று மாணவரைக் கேட்க வேண்டும். காப்பியத்துக்கு அதனால் இழுக்கு வராது. அதன் ஆசிரியர் பசியைப் பற்றிப் பேசியபோதும் உண்ணும் சோற்றைப் பற்றியே பேசியவர்.

மணிமேகலா தெய்வத்துக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அவள் ஆட்சிப் புலம் எதுவென்று கேட்போருக்குக் கடல் என்று மட்டும் விடை சொல்லுதல் போதாது. கடலை இடையறாது நோக்கியிருக்கும் விழிப்பும், முன்னோர் மூழ்கிய இடத்தைப் பின்னோர்க்குச் சொல்லும் நினைவும் அவளுடைய புலங்கள். அவை இரண்டும் தெய்வத்திடம் மட்டும் விடத்தக்க பணிகள் அல்ல. அவளே ஏழு நாள் மறந்தவள் என்று கதை நமக்குச் சொல்லியிருக்கிறது.